எண்ணெய்ப்பூ

"அந்தச் செடியின் பெயர் என்ன?" என்று மருத்துவர் வினவினார். நம்மால் விடையளிக்க இயலவில்லை.

2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஓர் அந்தி நேரம். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த நம் பேத்தி திடீரென வீறிட்டு அழுதாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது நிரம்பியிருக்கவில்லை. ஓடிச் சென்று பார்த்தபோது அவள் கையில் பாதி இலை இருந்தது. மறுபாதியின் பச்சைச் சாறு வாயோரம் வழிந்தது. கண்முன்னே உதடுகள் தடித்தன. எச்சில் நூலாக வடிந்தது. தொடர்ந்து அழவும் மாட்டாமல் நாவை வெளியே நீட்டிக்கொண்டு அவள் நம்மைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் நெஞ்சு நடுங்குகிறது. ஈரத் துணியால் வாயைத் துடைத்து, ஒட்டியிருந்த இலைத் துணுக்குகளை எடுத்தெறிந்துவிட்டு, ஆட்டோவில் மருத்துவமனைக்கு விரைந்தோம். நம் மகள் பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள். நம் கையில் அந்தப் பாதி இலை இருந்தது.

"எண்ணெய்ப்பூச் செடி" என்று மருத்துவரிடம் சொன்னோம்.

"அது உங்கள் வீட்டில் வழங்கும் பெயராக இருக்கும், ஐயா. செடியின் உண்மைப் பெயரைக் கேட்கிறேன். உள்ளே போனது இன்னதென்று தெரிந்தால் அல்லவா அதற்குத் தக்கபடி பார்க்கலாம்?" என்றார் அந்த அம்மையார்.

நாம் தலை குனிந்து நின்றோம். அவர் இலையை வாங்கி விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். "சேம்பு இனத்தைப் போலத் தோன்றுகிறது. அப்படியானால் வாயும் தொண்டையும் எரியும். பெரும்பாலும் அதற்குமேல் போகாது. எதற்கும் சில மணி நேரம் இருக்கட்டும்" என்றார். குளிர்ந்த நீரால் வாயைக் கழுவி, குளிர்ந்த பாலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார்கள். மூச்சுத் திணறுகிறதா, தொண்டை வீங்குகிறதா என்று அடிக்கடி வந்து பார்த்தார்கள். இரவு பத்து மணிக்கு வீக்கம் வடிந்தது. பிள்ளை தாயின் தோளில் உறங்கிப் போனாள். வீடு திரும்பினோம்.

ஆனால் அந்த வினா நம்முடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரு மனிதர் ஏழாண்டு காலம் நம் வீட்டில் தங்கியிருந்து, அவர் பெயர் என்ன, ஊர் எது, குணம் எத்தகையது என்பதை நாம் ஒருமுறையும் கேட்டறியவில்லை என்றால் கேட்பவர்கள் என்ன சொல்வார்கள்? செடிக்கு அந்த மரியாதை வேண்டியதில்லை என்று நாம் எண்ணிவிட்டோம் போலும்.

அச்செடி நம் இல்லத்துக்கு வந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். நம் தமக்கையார் தக்கலையில் வாழ்க்கைப்பட்டவர். குமரி மாவட்டத்தின் அந்தப் பகுதி, ஆண்டில் இரு பருவமழைகளையும் பெறுவது. அவர் வீட்டுத் திண்ணையோரத்தில், பலா மர நிழலில், பத்துப் பன்னிரண்டு சட்டிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் இதய வடிவ இலைகளும், அவற்றிற்குமேல் நீண்ட காம்புகளில் செக்கச் சிவந்த பூக்களும் நிற்கும். பூக்கள் என்றால் இதழடுக்கு உள்ளவை அல்ல. ஒரே ஒரு சிவப்புத் தட்டு. அதன் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் விரல். அந்தத் தட்டு எண்ணெய் தடவித் துடைத்ததுபோல் பளபளக்கும். அதனால் தமக்கையார் அதற்கு எண்ணெய்ப்பூ என்று பெயரிட்டிருந்தார். அவருக்கு அதைக் கொடுத்தவரும் பெயர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

2011-ஆம் ஆண்டு நாம் அங்குச் சென்று திரும்பும்போது, பக்கக் கன்று ஒன்றைப் பிரித்து, நனைத்த கதம்பையில் சுற்றிக் கயிற்றால் கட்டி நம் கையில் கொடுத்தார். "இதற்கு மண் வேண்டாம், தம்பி. கதம்பையும் நிழலும் போதும்" என்று சொல்லவும் செய்தார். குலசேகரன்பட்டினம் வரும்வரை பேருந்தில் அதை மடியிலேயே வைத்திருந்தோம். ஆனால் சொன்ன சொல்லை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. மண்ணில்லாமல் செடி வளருமா என்று நம் அறிவு நகைத்தது. பெரிய மண்சட்டி ஒன்றில் செம்மண்ணும் மணலும் சாணமும் கலந்து நிரப்பி, கன்றை ஆழமாக ஊன்றி, நல்ல வெயில் படும்படி மொட்டைமாடியில் வைத்தோம். பத்தே நாளில் இலைகள் வெளுத்து, நடுவில் தீய்ந்து போயின. பிறகு முற்றத்து மூலைக்குக் கொண்டுவந்தோம். அங்கே அது சாகவுமில்லை, செழிக்கவுமில்லை. ஆண்டுக்கு நான்கைந்து இலை விடும். அவற்றின் நுனிகள் கருகும். பூ மட்டும் வரவேயில்லை.

"லாத்தா, பூக்க மாட்டேன் என்கிறதே" என்று தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம், "மண்ணில் வைத்தாயா?" என்று ஒரே கேள்வி கேட்பார். நாம் பேச்சை மாற்றிவிடுவோம். 2016-ஆம் ஆண்டு தமக்கையார் மௌத்தானார். அதன் பிறகு அந்தச் செடி பூக்காவிட்டாலும் போகிறது, இருந்தால் போதும் என்ற நிலையில் இருந்தது. அவர் கைப்பட நமக்குத் தந்தவற்றுள் உயிரோடு எஞ்சியிருந்தது அது ஒன்றே.

மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் காலை நம் மகள், "வாப்பா, அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்" என்றாள். அவள் சொன்னதில் தவறு இல்லை. முந்திய இரவு முழுவதும் உறங்காமல் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவள் அவள். "பத்து நாள் தவணை கொடு, அம்மா. இது இன்னதென்று தெரிந்துகொண்டு பிறகு எறிகிறேன்" என்றோம். மாடிப்படியின் உச்சியில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் சட்டியை ஏற்றி வைத்தோம்.

பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் இலையைப் படம் பிடித்து, செடியின் பெயர் சொல்லும் செயலியில் இட்டார். முதன்முறை அது பிலோடென்ட்ரான் என்றது. சற்றுத் தள்ளி நின்று எடுத்தபோது ஸ்பாத்திஃபில்லம் என்றது. மூன்றாம் முறை ஆந்தூரியம் என்றது. மூன்றில் எது என்று அதனைக் கேட்க வழியில்லை. ஆகவே, கல்லூரியில் தாவரவியல் பயிற்றுவித்து ஓய்வு பெற்று, திருச்செந்தூரில் வாழும் நம் நண்பரிடம் காம்போடு ஓர் இலையைக் கொய்துகொண்டு சென்றோம்.

அவர் மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினார். முதலாவது, இலைக்காம்பு இலையோடு சேருமிடம். அங்கே காம்பு சற்றே தடித்து, முழங்கால் போல ஒரு மூட்டாக இருந்தது. வெளிச்சம் வரும் பக்கம் இலையைத் திருப்பிக்கொள்ளச் செடிக்கு உதவுவது அந்த மூட்டுத்தான். பிலோடென்ட்ரானுக்குப் பொதுவாக இது இராது. இரண்டாவது, இலையின் விளிம்பு. இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்தார். பக்க நரம்புகள் விளிம்புவரை ஓடி முடிந்துவிடாமல், விளிம்புக்குச் சற்று உள்ளே, கரையோரம் போடப்பட்ட சாலைபோல் ஓடும் ஒரு நரம்பில் போய்க் கலந்தன. மூன்றாவது, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி. அங்கே நுண்ணிய நரம்புகள் மீன்வலையாகப் பின்னியிருந்தன. "ஸ்பாத்திஃபில்லத்துக்கும் முழங்கால் உண்டு. ஆனால் அதன் இலை மெல்லியது, நீண்டது. பக்க நரம்புகள் நெருங்கி நெருங்கி இணையாக ஓடும். இப்படித் தோல்போல் தடித்த இதய வடிவ இலையும் வலைப்பின்னலும் அதற்கு இல்லை. இது ஆந்தூரியம்" என்றார்.

"ஆந்தூரியத்தில் எது?" என்றோம். ஒருமுறை தலை குனிந்தவனுக்குப் பாதி விடையில் நிறைவு வராது.

"ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, ஐயா. பூவைக் காட்டுங்கள், சொல்கிறேன்" என்று சிரித்தார்.

பூவுக்கு எங்கே போவது? வீடு திரும்பும் வழியில்தான் நினைவு வந்தது. 2009-ஆம் ஆண்டு தமக்கையாரின் மகளுக்குத் திருமணம் நடந்தபோது எடுத்த வண்ணப்படம் ஒன்று நம்மிடம் இருந்தது. தமக்கையார் திண்ணையோரம் நிற்கிறார். அவர் இடுப்பளவில் எண்ணெய்ப்பூக்கள் நிற்கின்றன. அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே பலமுறை எடுத்துப் பார்த்த படம் அது. அன்று முதன்முறையாக உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பூவைப் பார்த்தோம். நடுவிலிருந்த விரல் நேராக இருந்தது. தட்டின் முகத்தில் நரம்புகள் பள்ளமாகவும் இடைவெளிகள் மேடாகவும் தெரிந்தன.

நண்பருக்கு அது போதுமாயிருந்தது. வீடுகளில் வளர்க்கப்படும் பூ ஆந்தூரியங்களில் பெரும்பாலானவை இரண்டு இனங்களின் வழிவந்தவை. ஒன்று, கோஸ்ட்டா ரிக்கா நாட்டைச் சேர்ந்த ஷெர்சேரியானம். அதன் இலை ஈட்டிபோல் ஒடுங்கியது. அதன் விரல், பற்றுக்கொடிபோல் சுருண்டு முறுக்கியிருக்கும். மற்றொன்று, தென் அமெரிக்காவில் கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளைச் சேர்ந்த ஆண்ட்ரியானம். அதற்கு இதய வடிவ இலை, நேரான விரல், மினுமினுக்கும் மேடுபள்ளத் தட்டு. இன்று தோட்டங்களில் காணப்படுபவை தூய இனமாக இல்லாமல் பலவற்றின் கலப்பாக இருப்பினும், அந்தப் பெயராலேயே வழங்குகின்றன. தமக்கையாரின் எண்ணெய்ப்பூ, ஆந்தூரியம் ஆண்ட்ரியானம்.

பெயர் கிடைத்ததும் அதன் பின்னே ஒரு பெரிய குடும்பமே வந்து நின்றது. மருத்துவ அம்மையார் கூறியது சரியே; இது சேம்பின் குடும்பம். சேனையும் கருணையும் இதே குடும்பத்துப் பிள்ளைகள். சரியாக வேகாத சேனையும் கருணையும் நாவை அரிப்பதை அறியாத தமிழர் வீடு உண்டா? புளி விட்டு வேகவைக்கிற நம் பெண்டிருக்கு அந்தக் குடும்பத்தின் குணம் நன்றாகத் தெரியும். அவற்றின் உடலில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்களாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. கடித்தவுடன் அந்த ஊசிகள் நாவிலும் உதட்டிலும் தைக்கின்றன. தின்ன வரும் விலங்கைத் தடுக்கச் செடி வைத்திருக்கும் படைக்கலம் அது. கடித்தவருக்கு வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த நீரோ பாலோ கொடுத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. இவ்வளவையும் நாம் அன்று அறிந்திருந்தால் அந்தப் பயணத்தின் அச்சத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

இன்னொன்றையும் நண்பர் சொன்னார். நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பையும் முன்னாளில் தாவரவியலார் இதே குடும்பத்தில் வைத்து எண்ணினார்களாம். பின்னர்தான் அதனைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள். வசம்புக்கு நம் மக்கள் வைத்த பெயர் 'பெயர் சொல்லா மருந்து' என்பதை எண்ணிப் பார்த்தோம். அதன் பெயரைச் சொல்லாதவர்களும் அதன் குணத்தை நன்கறிந்தே சொல்லாமல் விட்டார்கள். நாமோ பெயரையும் அறியவில்லை, குணத்தையும் அறியவில்லை.

ஆந்தூரியம் என்ற பேரினத்துக்கு 1829-ஆம் ஆண்டு அப்பெயரைச் சூட்டியவர் ஆஸ்திரியத் தாவரவியலார் ஷாட். கிரேக்க மொழியில் பூ, வால் என்னும் இரு சொற்களின் சேர்க்கை அது. ஆண்ட்ரியானம் என்ற சிறப்புப் பெயர் பிரெஞ்சுத் தோட்டக்கலை அறிஞர் எடுவார்ட் ஆந்த்ரேயைக் குறிப்பது. அவர் 1876-ஆம் ஆண்டு கொலம்பியாவில் இச்செடியைக் கண்டெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். மறு ஆண்டே அது நூலில் பதிவாயிற்று. 1889-ஆம் ஆண்டு சாமுவேல் டேமன் என்பவர் லண்டனிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்கு அதனைக் கொண்டுசென்றார். அங்கே வீட்டுத் தோட்டங்களில் கைமாறிக் கைமாறிப் பரவி, பின்னர்ப் பெரும் வாணிகமாயிற்று. 1980-களில் பாக்டீரியா நோய் ஒன்று அத்தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. நெதர்லாந்தும் மொரீஷியசும் இப்பூவை வளர்த்துப் பெயர் பெற்றன. நம் பக்கத்தில் கேரளத்தின் வீட்டு முற்றங்களும் நிழல்வலைத் தோட்டங்களும் அதற்கு உகந்த இடமாயின. அந்தக் கரையிலிருந்துதான் தக்கலைத் திண்ணைக்கும் அது வந்திருக்க வேண்டும்.

அறிஞர்கள் அதில் வாலைக் கண்டு பெயரிட்டார்கள். தமக்கையார் எண்ணெயைக் கண்டு பெயரிட்டார். இருவர் கண்டதும் உண்மையே. ஆனால் நாம் பூ என்று கருதும் சிவப்புத் தட்டு உண்மையில் பூ அன்று. அது நிறம் மாறிய ஓர் இலை; தென்னையின் பாளைக்கு நிகரானது. அந்த விரலின்மேல் நெருக்கமாகப் பதிந்துள்ள நுண்ணிய புள்ளிகளே பூக்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் உண்டு. எனினும் சூல்முடி முதலில் பக்குவமாகி ஈரம் கசிந்து, அது உலர்ந்த பின்னரே மகரந்தம் வெளிப்படும். ஆதலால் ஒரு விரலின் மகரந்தம் அதே விரலுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

பெயர் தெரிந்தபின், அது ஏன் நம்மிடம் பூக்கவில்லை என்பதும் தெளிவாயிற்று. அதன் தாயகம் மழைக்காடு. அங்கே பல ஆந்தூரியங்கள் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. புல்லுருவியைப்போல் மரத்தின் சாற்றை உறிஞ்சுவன அல்ல. நிற்பதற்கு இடம் மட்டுமே கேட்பன. பாசியும் மக்கிய இலையும் தேங்கிய கிளையிடுக்கே அவற்றுக்கு நிலம். அவற்றின் பருத்த வேர்கள்மேல் பஞ்சுபோன்ற ஓர் உறை உண்டு. மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். அந்த வேருக்கு நீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். இறுகிய செம்மண்ணில் புதைத்து நாள்தோறும் நீர் ஊற்றிய நாம், அதன் மூச்சைத்தான் அடைத்து வைத்திருந்தோம். வடிகட்டிய வெளிச்சம் வேண்டும் செடிக்கு முதலில் முழு வெயிலைக் கொடுத்தோம். பிறகு முற்றத்தின் இருண்ட மூலையைக் கொடுத்தோம். நம் ஊர்க் கிணற்று நீரோ உப்புக் கலந்தது. இலைநுனிகள் கருகியதன் காரணம் அதுவே. "மண்ணில் வைத்தாயா?" என்று தமக்கையார் ஐந்தாண்டு கேட்ட கேள்வியில் எல்லாம் அடங்கியிருந்தது.

பத்து நாள் தவணை முடிந்தபோது நம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மாமி கொடுத்தது. மாடியிலேயே இருக்கட்டும். கீழே மட்டும் வரக் கூடாது" என்றாள். அவ்வளவு இரக்கம் போதுமாயிருந்தது.

2019-ஆம் ஆண்டு சனவரியில், வெயில் தணிந்திருந்த ஒரு நாள், சட்டியைக் கவிழ்த்துச் செடியை வெளியே எடுத்தோம். கண்ட காட்சி நம்மை உலுக்கிவிட்டது. வேர்கள் கருத்துக் கூழாகியிருந்தன. தண்டின் அடிப்பகுதி விரலால் அழுத்தினால் அமுங்கிற்று. இலைகளைப் பார்த்து உயிரோடு இருப்பதாக நம்பியிருந்தோம்; அது அடியிலிருந்து செத்துக்கொண்டிருந்தது. தண்டின் மேற்பகுதியில் நான்கு இலைகளும், அவற்றுக்குக் கீழே காற்றில் நீண்டிருந்த மூன்று வேர்களும் மட்டும் நலமாக இருந்தன.

நண்பரைத் தொலைபேசியில் அழைத்தோம். "தலையை வெட்டி எடுத்துவிடுங்கள். வேறு வழி இல்லை" என்றார். ஆந்தூரியம் வயதேற ஏற அடியிலைகளை உதிர்த்துத் தண்டு நீண்டுகொண்டே போகும். அப்போது காற்று வேர்களுக்குக் கீழே வெட்டி, தலையைத் தனியே நடுவது வளர்ப்பவர்கள் அறிந்த முறைதான். ஆனால் தமக்கையார் கைப்பட்ட உயிரில் கத்தி வைப்பது நமக்கு எளிதாயில்லை. கத்தியைத் தணலில் காட்டிச் சுத்தம் செய்துவிட்டு, அரைமணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். சுத்தமற்ற கத்தியே ஒரு செடியின் நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோவது என்று நண்பர் எச்சரித்திருந்தார். இறுதியில் நம் துணைவியார் வந்து பார்த்துவிட்டு, "வெட்டாவிட்டால் மட்டும் இருக்கப்போகிறதா?" என்றார். வெட்டினோம்.

தலைப்பகுதி ஒன்றாயிற்று. அழுகிய அடியைத் தூர எறிந்தோம். இரண்டுக்கும் இடையே, வெட்டிய முகம் வெண்மையாக இருந்த நான்கு விரற்கடைத் தண்டு ஒன்று எஞ்சியது. அதில் இலையுமில்லை, வேருமில்லை. எறிய மனமில்லாமல் ஈரத் தேங்காய் நார்மேல் படுக்கவைத்தோம்.

இம்முறை சொன்ன சொல்லைக் காத்தோம். கதம்பையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு வாரம் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கறையையும் உப்பையும் போக்கினோம். பக்கங்களில் துளையுள்ள மண்சட்டியின் அடியில் செங்கல் உடைசலை இட்டு, அதன்மேல் கதம்பைத் துண்டுகளும் அடுப்புக்கரித் துண்டுகளும் கலந்து நிரப்பி, காற்று வேர்கள் உள்ளே போகும்படி தலையை நட்டோம். குருத்து மூடாதபடி பார்த்துக்கொண்டோம். நூற்றில் எழுபத்தைந்து பங்கு வெயிலைத் தடுக்கும் நிழல்வலையை மாடியின் ஒரு மூலையில் கட்டினோம். வடகிழக்குப் பருவமழை நீரைப் பீப்பாய்களில் பிடித்து வைத்து, அதனை இச்செடிக்கு மட்டும் பயன்படுத்தினோம். கோடையில் நம் ஊரில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டும். இச்செடிக்கோ 30-க்குள் இருப்பது நலம். ஆகவே சட்டியைச் சுற்றித் தரையில் மணல் பரப்பி, காலையும் நண்பகலும் அம்மணலை நனைத்தோம். செடிக்கு நீர், மேற்பகுதி உலரத் தொடங்கிய பின்னரே. உரத்தை மிகவும் நீர்த்த கரைசலாக மாதம் இருமுறை தந்தோம். தழைச்சத்தை மிகுதியாக இட்டால் இலை பெருத்துப் பூ குறையும்.

மூன்று மாதம் ஒரு மாற்றமும் இல்லை. நான்காம் மாதம் புதிய இலை ஒன்று செம்பு நிறத்தில் சுருள் அவிழ்ந்தது. நார்மேல் கிடந்த மொட்டைத் தண்டில், கணுக்களிலிருந்து இரண்டு பச்சை முளைகள் எழுந்தன. ஒன்று பின்னர் வாடிவிட்டது, மற்றது நிலைத்தது.

2020-ஆம் ஆண்டு நவம்பர். ஊரடங்கு மாதங்களில் மாடியே நமக்கு உலகமாகியிருந்தது. ஒரு நாள் காலை, புதிய இலையின் காம்படியில் குருத்து போன்ற கூர்மை ஒன்று தெரிந்தது. இலை என்றே எண்ணினோம். ஆந்தூரியம் முதிர்ந்தபின் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் ஒரு பூக்காம்பு விடும் என்று படித்திருந்தும் நம்ப மனம் துணியவில்லை. காம்பு நாளுக்கு நாள் நீண்டது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்தக் கூர்மை அவிழ்ந்து தட்டையாக விரிந்தது. சிவப்பு. எண்ணெய் தடவித் துடைத்த அதே சிவப்பு. நடுவில் நேரான மஞ்சள் விரல்.

ஒன்பது ஆண்டுகள். கேட்டவர் இருந்திருந்தால் அன்று பேச்சை மாற்றியிருக்க மாட்டோம். "இல்லை லாத்தா, மண்ணில் வைக்கவில்லை" என்று சொல்லியிருப்போம்.

அந்தப் பூ ஒன்றரை மாதத்துக்கு மேல் நின்றது. நம் மகளும் மேலே வந்து பார்த்தாள். பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தாள். அதன் பிறகு பூக்கள் தவறாமல் வருகின்றன; கோடையில் சிறுத்தும், மழைக்காலத்தில் பெருத்தும்.

2022-ஆம் ஆண்டு தமக்கையாரின் மகள் நம் வீட்டுக்கு வந்தாள். தக்கலை வீடு விற்கப்பட்டுவிட்டது. திண்ணையோரச் சட்டிகளில் சில கைமாறின; எஞ்சியவை கவனிப்பாரின்றிக் காய்ந்தன. மாடிக்கு ஏறியவள் நிழல்வலையை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். "மாமா, இது உம்மாவின் எண்ணெய்ப்பூ அல்லவா?" என்றாள். மேற்கொண்டு அவளால் பேச முடியவில்லை. நாமும் பேசவில்லை.

மொட்டைத் தண்டிலிருந்து எழுந்த அந்தக் கன்று அதற்குள் தனிச் சட்டியில் ஐந்து இலைகளோடு நின்றது. அதனை அவளுக்கென்று எடுத்து, நனைத்த கதம்பையில் சுற்றிக் கயிற்றால் கட்டினோம். பதினோர் ஆண்டுகளுக்குமுன் அவள் தாய் கட்டியதைப் போலவே கட்ட முயன்றோம். அத்தனை நேர்த்தி வரவில்லை. பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருந்த நம் பேத்தியை அழைத்து, ஓர் அட்டையில் பெயரெழுதச் சொன்னோம். 'ஆந்தூரியம்' என்று மேலே எழுதினாள். இரண்டு இடங்களில் திருத்த வேண்டியிருந்தது. அதன் கீழே 'எண்ணெய்ப்பூ' என்று எழுதினாள். அட்டையைக் கயிற்றில் செருகி, கன்றைத் தமக்கையாரின் மகள் மடியில் வைத்தோம்.

மண்ணில் வைக்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், உப்புநீர் ஊற்ற வேண்டாம் என்று நாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், பக்கத்தில் நின்ற பேத்தி இடைமறித்தாள். "இதைத் தின்னவும் கூடாது. வாய் எரியும்" என்றாள்.